மூணாம் நம்பர் கேமரா

உக்காருங்க அம்மிணி. அந்தச் சேரு வேண்டாம், காலு ஆடும். இப்புடி வாங்க. டீ சொல்லியிருக்கறன், வந்துரும். நீங்கதானுங்களா சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் இன்ஜினியரு? நான் யாரோ ஆம்பளையாளு வருவாங்கன்னு இருந்தனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. என்ற பேரு வெள்ளிங்கிரி. இந்த பிரஸ் ஷாப்புல போர்மேன். இருபத்திரெண்டு வருசமாச்சுங்க.

மொதலாளி எல்லாஞ் சொன்னாரு. ஆயுத பூஜைக்கு அடுத்த நாளு கேமராவுல படம் ஏன் வரலைன்னு நீங்க பாத்து ஒரு பக்கம் எழுதிக் குடுக்கோணும், அதை வெச்சுத்தான் பேக்டரி இன்ஸ்பெக்டரு யாரு மேல கேசுன்னு முடிவு பண்ணுவாராமா. அந்த ஒரு பக்கத்துல ஒண்ணு கேமரா மாட்டுன இசக்கிராஜ் பேரு வரும், இல்லைன்னா என்ற பேரு வரும். அவ்வளவுதானுங்களே? அப்ப நீங்க கம்ப்யூட்டரைத் தொறக்கறதுக்கு முன்னால நடந்ததை என்ற வாயால கேட்டுக்குங்க. நான் எதையும் மறைக்க மாட்டனுங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது?

பிரஸ்ஸுன்னா என்னன்னு தெரியுமுங்களா? மோட்டாருக்கு உள்ள போற தகடு வெட்டறமுங்க. தகடை டைங்கற அச்சு மேல வெக்கோணும், பெடலை மிதிக்கோணும், மேல இருந்து அறுபது டன்னு எறங்கும். தகடுக்கும் கைக்கும் அதுக்கு வித்தியாசந் தெரியாது. இங்க பாருங்க, என்ற எடது கை. ரெண்டு வெரலு இல்லை. வேலைக்குச் சேந்த நாலாவது மாசம் போச்சு. துண்டைச் சுத்தீட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனனுங்க. எட்டாம் நாளு வேலைக்கு வந்து நின்னேன். இந்த ஷெட்டுல நானறியப் பதினேழு வெரலு போயிருக்குது. ஒருத்தனும் கேமரா வேணும்னு கேட்டு அழுகலைங்க.

இந்தக் கேமரா வந்ததே ஒம்பது மாசத்துக்கு முன்னாலதான். நம்ம தகடு வாங்கற வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் வந்து பாத்தான். வெரலு போற ஷாப்புல சரக்கு எடுக்க மாட்டேன்னுட்டான். அதுக்குத்தான் இசக்கிராஜ் வந்தது. திருநெல்வேலிப் பக்கம். இருபத்தாறு வயசு இருக்கும், ஒல்லியா, ஊதுனா விழுந்துருவான். நாலு பிரஸ்ஸுக்கு நாலு கேமரா, எல்லாத்துக்கும் சேத்து அந்த மூலையில ஒரு கம்ப்யூட்டரு. டைக்கு நடுவுல கை இருந்தா கேமரா பாத்துரும், பெடலை எவ்வளவு மிதிச்சாலும் பிரஸ்ஸு எறங்காது. கேமரா வேலை செய்யலைன்னாலும் எறங்காது. பச்சை லைட்டு எரிஞ்சாத்தான் ஓடும். நல்ல சாமான்தானுங்க, நான் இல்லைங்கலை.

ஆனா மாட்டுன அன்னைக்கே தகராறு. ஒண்ணாம் நம்பர் கேமரா வந்துச்சு, ரெண்டாம் நம்பர் வந்துச்சு. மூணாவதைச் சொருகுனா, மெமரி ஒதுக்க முடியலைன்னு ஸ்கிரீன்ல எழுதி வருது. எட்டு ஜிபி மெமரிங்க! பில்லுல நானே பாத்திருக்கறன். எட்டு ஜிபி இருக்கற கம்ப்யூட்டர்ல மெமரி இல்லைன்னா என்ன அர்த்தம்? எவனோ கழட்டிட்டான்னுதானே அர்த்தம்? அவன் சாப்படப் போன நேரம் பாத்து ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பொட்டியத் தொறந்துட்டனுங்க. மெமரிப் பட்டை ரெண்டும் இருந்துச்சு. இருந்தாலும் மனசு ஆறலை. சாப்புட்டு வந்தவன் சட்டையப் புடிச்சு செவுத்தோட சாத்துனேன். அடிக்கலைங்க. அன்னைக்கு அடிக்கலை.

அவன் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு வெளக்கஞ் சொன்னான். அவன் பேசறாப்பலயே சொல்றன் கேளுங்க. "அண்ணாச்சி, இந்த ஷெட்டு பூராவும் மெமரின்னு வச்சுக்கிடுங்க. லாரியில வார தகட நேரா மிஷினுகிட்ட எறக்க முடியுமா? கேட்டுப் பக்கத்துல எறக்குததுக்குன்னு ஒரு எடம் இருக்குல்லா? கேமரா அனுப்புத படமும் மொதல்ல அப்படி ஒரு எடத்துலதான் எறங்கும். அந்த எடம் மொத்தம் பதினாறு மெகாபைட்டுதான்னு கர்னல் கோடு போட்டு வச்சிருக்கு. ஒரு கேமராவுக்கு ஏழு வேணும். ரெண்டு எறங்கிட்டுன்னா பதினாலு. மூணாவது எங்க எறங்கும்?"

கர்னலுன்னா என்னடான்னேன். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற போர்மேனுன்னான். யாருக்கு எவ்வளவு எடம்னு அதுதான் அளந்து குடுக்குமாம். அந்தப் போர்மேனுக்குப் புத்தியில்லையா, இத்தனை எடஞ் சும்மா கெடக்குதேன்னேன். "ஏதாவது ஒண்ணு கோளாறாகி எடம் எடம்னு கேட்டுக்கிட்டே இருந்தா, மொத்தமும் படுத்துரும்லா அண்ணாச்சி? அதுக்குத்தான் கோடு"ன்னான்.

அப்பறம் என்னமோ ஒரு வரி அடிச்சான். பதினாறை எரநூறாக்குனானாம். நாலு கேமராவும் வந்துருச்சு, நாலு பச்சை லைட்டும் எரிஞ்சுது. வந்த வேலை முடிஞ்சுது போவேண்டியதுதானே? போகலைங்க. "அண்ணாச்சி, இந்த எரநூறு கம்ப்யூட்டர் ஓடுத வரைக்குந்தான் நிக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா பழையபடி பதினாறுக்குப் போயிரும். நிரந்தரமா எழுதி வைக்கணும். எழுதிட்டு ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, நாலையும் சோதிக்கணும். ஒரு மணி நேரம் பிரஸ்ஸ நிப்பாட்டித் தாங்க"ன்னான்.

ஒரு மணி நேரமுங்க. நாலு பிரஸ்ஸு ஒரு மணி நேரம் நின்னா எத்தனை தகடு போகும்னு அவனுக்கென்ன தெரியும்? மாசம் ஒருக்கா வருவான், வந்தா இதையே கேப்பான். நாலு தடவை கேட்டான், நாலு தடவையும் தொரத்துனேன். கடைசித் தடவை கையில இருந்த டீ கிளாஸையே வீசுனனுங்க. அவன் காதுக்குப் பக்கத்துல போயி செவுத்துல ஒடைஞ்சுது. அப்பறம் கேக்கலை. "அதுவரைக்கும் ஆஃப் மட்டும் பண்ணிராதீய அண்ணாச்சி"ன்னு சொல்லீட்டுப் போனான். கரண்டு போனாலும் நிக்காத மாதிரி பெரிய பேட்டரி வெச்சுக் குடுத்தான். எட்டு மாசம் ஒரு நிமிசம் நிக்கலைங்க அந்தக் கம்ப்யூட்டரு.

இப்ப ஆயுத பூஜைக்கு வாறன். எங்க ஷாப்புல ஆயுத பூஜைன்னா சும்மா பொட்டு வெச்சுட்டுப் போறதில்லைங்க. ஒவ்வொரு மெஷினையும் டீசல் போட்டுத் தொடைச்சு, திருநூறு பூசி, சந்தனம், குங்குமம், மாலை, வாழைக்கன்னு. பூஜை முடிஞ்சா மெயினை எறக்கிருவமுங்க. மறுநாளு சுவிட்சு போடற வரைக்கும் ஒரு ஸ்பேனரைக் கூட யாருந் தொடக் கூடாது. வருசம் பூரா மெஷினைப் போட்டு அடிக்கறம், ஒரு நாளாவது அது கண்ண மூடோணும். எங்க மொதலாளியோட அப்பாரு காலத்துலயிருந்து நடக்கறது. போன மாசம் பூஜையன்னைக்குப் பாக்கறன், எல்லாம் ஓஞ்சு கெடக்குது, அந்த மூலையில இது மட்டும் சிமிட்டிக்கிட்டு ஓடுது. பாவமா இருந்துச்சுங்க. இதுவும் மெஷினுதானே? பேட்டரியையும் அணைச்சேன். சந்தனம் வெச்சேன். கேமரா கண்ணாடி மேல வெக்கலைங்க, மேல மூடியிலதான் வெச்சேன். பொட்டு வெச்சதுனாலதான் கண்ணு மறைச்சிருச்சுன்னு கேண்டீன்ல பேசிக்கறானுக, அதை நம்பாதீங்க.

மறுநாளு காலையில தேங்காய் ஒடைச்சு சுவிட்சு போட்டம். ஒண்ணும் ரெண்டும் ஓடுச்சு. மூணும் நாலும் பச்சை லைட்டே இல்லை. ஸ்கிரீன்ல அதே பழைய பாட்டு, மெமரி ஒதுக்க முடியலைன்னு. சாயந்தரம் லாரி வந்து நிக்கும், பாதி தகடு பாக்கி. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவனுக்குப் போன் போட்டேன். லீவுக்கு ஊருக்குப் போயிருக்கறான். எடுத்தவுடனே அவன் கேட்ட மொதக் கேள்வி, "கம்ப்யூட்டர ஆஃப் பண்ணீயளா அண்ணாச்சி?"

இல்லைன்னு சொன்னனுங்க. ஏனுங்க அப்புடிப் பாக்கறீங்க? நான் பொய் சொல்லலை. ரெஸ்ட் குடுத்தேன். அதைப் போயி ஆஃப் பண்ணுனதுன்னு சொல்லுவாங்களா? அதுவுமில்லாம, ஒரு சின்னப் பையன் என்னை எதுத்து அப்புடிக் கேக்கலாமா, போர்மேனை? "அப்ப என்னன்னு பாக்கணும், இன்னிக்கே பஸ் ஏறுதேன், காலையில வந்துருவேன். மூணையும் நாலையும் மட்டும் ஓட்டாதீய"ன்னான். போனை வெச்சுட்டேன்.

ஓட்டாம எப்புடீங்க இருக்கறது? பேனலைத் தொறந்து, கேமரா சரின்னாத்தான் பிரஸ்ஸுக்கு உத்தரவு போற ரெண்டு முனையையும் ஒரு துண்டு வயர்ல சேத்து விட்டேன். இத்தனூண்டு வயரு, வெரலு நீளங்கூட இல்லை. பச்சை லைட்டு எரிஞ்சுது, பிரஸ்ஸு எறங்குச்சு. மெக்கானிக்கா இருந்தா யாரும் பண்றதுதானுங்க. அது ஒரு பெரிய விசயமே இல்லை.

மூணாம் நம்பர் பிரஸ்ஸுல என்ற தம்பி. மயில்சாமின்னு பேரு. என்னை விடப் பதினோரு வயசு சின்னவன். அப்பாரு போனப்ப அவனுக்கு ஆறு வயசு, நாந்தான் வளத்துனேன், நாந்தான் இங்க கூட்டியாந்து நிறுத்துனேன். பச்சை லைட்டைப் பாத்துட்டு, "அண்ணா, கேமரா வந்துருச்சா?"ன்னு அங்க இருந்து கத்துனான். வந்துருச்சு, நீ ஓட்டுன்னேன்.

பதினொண்ணு பத்துக்குங்க. தகடு டைக்குள்ள சிக்கிக்கிச்சு. எட்டு மாசப் பழக்கம், கேமரா பாத்துக்கும்னு பெடல்ல இருந்து காலை எடுக்காமயே கைய உட்டிருக்கறான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தகடு வெட்டற சத்தம் வேற, இது வேற. நான் ஓடி வாறதுக்குள்ள அவன் மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கறான். கத்தலை. டை மேலயே பாத்துக்கிட்டு நிக்கறான். வலது கை, நாலு வெரலு. கட்டை வெரலு மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ரத்தம் அவன் பொறந்த நாளுக்குப் போட்ட புதுச் சட்டையில, கூட வேலை செய்யறவன் மூஞ்சியில, என்ற வாயில. உப்புக் கரிச்சுது அம்மிணி.

நாலு வெரலையும் நாந்தான் பொறுக்கி ஐஸ்ல போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கிட்டு ஓடுனேன். ஒட்ட வெக்க முடியாதுன்னுட்டாங்க. நசுங்கிருச்சாமா.

மறுநாளு காலையில ஏழரைக்கு இசக்கி வந்தான். பஸ்ஸை விட்டு எறங்கி நேரா வந்திருக்கறான், தோள்ல பையி, தலை கூடச் சீவலை. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. கேட்டுல என்னைப் பாத்து "அண்ணாச்சி"ன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்புலதானுங்க எனக்குப் பத்திக்கிச்சு. மூக்கு மேல ஒண்ணு குத்துனேன், எலும்பு நொறுங்குனது என்ற கைக்குத் தெரிஞ்சுது. கீழ விழுந்தவனை உதைச்சேன். வயித்துல உதைச்சேன், நெஞ்சுல உதைச்சேன். பல்லு ரெண்டு மண்ணுல விழுந்துச்சு. வாட்ச்மேன் என்ற இடுப்பைக் கட்டிப் புடிக்கறான், அவனையும் சேத்து இழுத்துக்கிட்டு உதைக்கறேன். தலையை மூடிக்கிட்டு வலது கைய நீட்டுனான். அந்தக் கையத்தான் மிதிச்சேன். என்ற தம்பிக்குப் போன கை, உனக்கும் போகட்டும்னு பூட்ஸோட ஏறி நின்னேன். பொய் சொல்லுவானேன், மனசுக்கு நல்லா இருந்துச்சுங்க. ஒரு அஞ்சு நிமிசம் நல்லா இருந்துச்சு.

அடி வாங்கறப்பவும் அவன் என்ன கேட்டான்னு தெரியுங்களா? "ஆஃப் பண்ணீயளா அண்ணாச்சி? ஆஃப் பண்ணீயளா?" அதையேதான். வாய்ல ரத்தத்தோட.

நான் களைச்சுப் போயி உக்காந்ததுக்கப்பறம் அவன் எந்திரிச்சானுங்க. ஓடிப் போவான்னு பாத்தா, உள்ளே போறான். செவுத்தைப் புடிச்சுப் புடிச்சுப் போயி கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தான். வலது கை தொங்குது. எடது கையில ஒவ்வொரு எழுத்தா தட்டுனான். ஒரே ஒரு வரி. மூணாவது கேமராவும் வந்துச்சு, நாலாவதும் வந்துச்சு. மூணாம் நம்பர் படத்துல டை மேல என்ற தம்பி ரத்தம் காஞ்சு கருப்பாத் தெரிஞ்சுது. அவன் அதைப் பாத்தான். அப்பறம் திரும்பி பேனலைப் பாத்தான், கதவு தொறந்தே கெடந்துச்சு, வயரு தொங்குச்சு. வெளிய வந்து வாசப்படியில உக்காந்து வாந்தி எடுத்தான்.

இப்ப நீங்களே சொல்லுங்க அம்மிணி, நீங்க படிச்சவங்க. ஒரே வரியில வாற கேமராவை எட்டு மாசமா நிரந்தரமா எழுதி வெக்காம விட்டது யாரு? அவன்தானே? வேணும்னே ஒரு கொக்கி வெச்சுட்டுப் போயிருக்கறான். இதைத்தானுங்க நான் போலீஸ் ஸ்டேசன்லயும் சொன்னேன். ரெண்டு நாளு உக்காத்தி வெச்சாங்க. அவன் ஆஸ்பத்திரியில மூணு வாரம் கெடந்தானாம், மூணு எலும்பு முறிவாமா, எனக்கென்ன? என்ற தம்பிக்கு எலும்பா முறிஞ்சுது?

என்னங்க? வயரை எடுத்தது யாருங்களா? நாந்தான் எடுத்தேன், பேக்டரி இன்ஸ்பெக்டரு வாறதுக்கு முன்னால. சும்மா தொங்கறது பாக்க நல்லா இல்லைன்னு எடுத்தேன். எழுதிக்குங்க, எனக்கொண்ணும் பயமில்லை.

பயம் எனக்கு அதுலயெல்லாம் இல்லைங்க. தம்பி கிட்டப் போனதுதான் தப்பாப் போச்சு. ஸ்டேசன்ல இருந்து விட்டவுடனே நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டுப் போனேன். "தம்பி, அவனை வெச்சு வாங்கிட்டேன்டா, இனி அவன் ஜென்மத்துக்கும் வலது கையில எழுத மாட்டான்"னேன். சந்தோசப் படுவான்னு நெனைச்சனுங்க. அவன் மேலே காத்தாடியப் பாத்துக்கிட்டே படுத்திருந்தான். "அண்ணா, பேக்டரி இன்ஸ்பெக்டரு வந்துட்டுப் போனாரு. கேமரா வந்துருச்சான்னு கேட்டேன், வந்துருச்சுன்னு அண்ணன் சொன்னாருன்னு சொல்லிட்டேன்"னான்.

"என்னடா சொல்றே?"ன்னேன். "நடந்ததைத்தான சொன்னேன்? இசக்கி இருந்திருந்தா வரலைன்னு சொல்லியிருப்பான், நான் கைய உட்டிருக்க மாட்டேன். அவன் வந்துருச்சான்னு பாத்துட்டுத்தான் சொல்லுவான். நீ சொன்னேன்னுதான் பாக்காம உட்டேன்"னான்.

எனக்குக் கண்ணு தெரியலைங்க. கை ஓங்குனது தெரியும். எங்க விழுந்துச்சுன்னு அப்பறந்தான் பாத்தேன். கட்டு மேல. அந்தக் கையோட கட்டு மேலயே விழுந்துருச்சு. அவன் மொனகக் கூட இல்லை அம்மிணி, அப்புடியே ஒடம்பு வளைஞ்சுருச்சு. வெள்ளைத் துணி செவந்துக்கிட்டே வந்துச்சு. நான் பாத்துக்கிட்டே நிக்கறன். பல்லைக் கடிச்சுக்கிட்டு, "இதையும் இசக்கி மேல எழுதச் சொல்லுண்ணா"ன்னான்.

நர்சு ஓடி வந்தா. கட்டில்ல இடிச்சுக்கிட்டேன்னு அவனே சொன்னான். எங்கம்மா கீழ மருந்து வாங்கப் போயிருந்தது மேல வந்துச்சு, அதுகிட்டயும் அதையே சொன்னான். நாலு தையல் பிரிஞ்சு போச்சாமா. எங்கம்மா அவன் தலையைத் தடவிக்கிட்டு என்னைப் பாத்து, "பெரியவனே, தம்பிகிட்டயே இருடா, பாத்துக்கடா"ங்குது. அன்னையிலிருந்து நான் அந்தப் பக்கம் போகலைங்க. போக முடியலை.

எந்திரிச்சுட்டீங்களா? டீ குடிக்கவே இல்லையே. சரி, போங்க, கம்ப்யூட்டரைத் தொறந்து பாருங்க. வயரு, பூஜை, போன்ல சொன்னது, அவனை மிதிச்சது, எது வேணும்னாலும் எழுதிக்குங்க, கையெழுத்துப் போட்டுத் தாறன். தம்பியை அடிச்சதை மட்டும் எழுதாதீங்க அம்மிணி. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியும்.